பேட்டரி வண்டிக்கு வரி கிடையாது, சரி, எதற்கெல்லாம் கிடையாது?

தமிழ்நாட்டில் பேட்டரி வண்டி வாங்க ஷோரூமுக்குள் நுழைந்ததும் காதில் விழுவது "டாக்ஸ் ஃப்ரீ சார்" என்பதுதான். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று தனித்தனிச் சலுகைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆணை வேறு, எல்லை வேறு. ஒன்றை மாநில அரசு கொடுத்தது. மற்ற இரண்டும் மத்திய அரசு கொடுத்தவை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கொட்டேஷனில் எது கட்ட வேண்டிய பணம், எது சும்மா சேர்த்தது என்பது தானாகவே பிடிபடும்.

முதலில் லைஃப் டாக்ஸ்

வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்து ஒரே முறை வாங்கும் வாகன வரி இது. பெரிய தொகை இதுதான். வாகன வரி போடும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுடையது. இங்கே அது 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின் கீழ் வசூலாகிறது. பெட்ரோல் வண்டிக்கு 9.11.2023 முதல் உள்ள விகிதத்தைப் பார்த்தால் சலுகையின் மதிப்பு புரியும். டூ-வீலர் விலை 1 லட்சம் வரை என்றால் 10 சதவீதம், அதற்கு மேல் 12. கார் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போலப் படிப்படியாகக் கணக்கிடுவதில்லை. வண்டி எந்தப் படியில் விழுகிறதோ அந்தச் சதவீதம் மொத்த விலைக்கும். 1,20,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு 14,400 ரூபாய். 15 லட்சம் ரூபாய் காருக்கு 2,70,000 ரூபாய். பேட்டரி வண்டிக்கு இது முழுவதும் தள்ளுபடி.

ஆனால் இது தவணை தவணையாக நீட்டிக்கப்படும் சலுகை. 3.11.2020 முதல் 31.12.2022 வரை என்று முதலில் வந்தது. 2023 பிப்ரவரியில் வெளியான மாநில மின்வாகனக் கொள்கை அதை 31.12.2025 வரை கொண்டுபோனது. ஆகவே எந்த வருடம் வாங்கினாலும் முதல் வேலை, அன்றைக்கு நடப்பில் உள்ள அரசாணையின் கடைசித் தேதியைப் பார்ப்பது. போக்குவரத்து ஆணையரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், ஆர்டிஓ ஆபீஸில் கேட்கலாம். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

தேதியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வரி விழுவது பதிவின்போது. பில் போட்ட தேதியோ புக்கிங் தேதியோ கணக்கில் வராது. கெடு முடியும் மாதத்தில் 28ஆம் தேதி பில் போட்டு, அடுத்த மாதம் 2ஆம் தேதி பதிவுக்குப் போனால் சலுகை கைநழுவலாம். டிசம்பர் கடைசி வாரம் விடுமுறையும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் காலம். கெடு நெருங்கும்போது வாங்குகிறவர்கள் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. இன்னும் நல்லது, "இந்தத் தேதிக்குள் பதிவாகாவிட்டால் வரி உங்கள் பொறுப்பு" என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது.

அடுத்தது பதிவுக் கட்டணம்

இது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 81இல் வரும் கட்டணம். சாதாரணமாக டூ-வீலருக்கு 300 ரூபாய், சொந்த உபயோகக் காருக்கு 600, வாடகைக் காருக்கு 1,000. 2021 ஆகஸ்ட் 2 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பேட்டரி வண்டிகளுக்கு இதை நீக்கியது. அந்த அறிவிப்பு சொல்வது மூன்றே விஷயம்: ஆர்சி என்னும் பதிவுச் சான்று வழங்குதல், ஆர்சி புதுப்பித்தல், புதிய பதிவு எண் ஒதுக்குதல். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே விதி 81இல் உள்ள மற்றக் கட்டணங்களை அறிவிப்பு தொடவில்லை. வங்கிக் கடனை ஆர்சியில் ஏற்றும் ஹைப்போதிகேஷன் கட்டணம் டூ-வீலருக்கு 500, காருக்கு 1,500. பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றக் கட்டணம் டூ-வீலருக்கு 150, காருக்கு 300. ஃபேன்ஸி நம்பருக்கு மாநில அரசு தனியாக வாங்கும் தொகையும் இதில் அடங்காது. "ரிஜிஸ்ட்ரேஷன் ஃப்ரீ என்றார்கள், இது என்ன 1,500?" என்று ஆர்டிஓ கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் கடனில் கார் எடுத்தவர்கள்தான். அந்த 1,500 நியாயமான பணம்.

மூன்றாவது சலுகை பெர்மிட். வாடகைக்கு ஓட்டும் பேட்டரி வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபர் 18 அன்றே மத்திய அறிவிப்பு வந்துவிட்டது. சொந்த வண்டிக்காரர்களுக்கு இதில் வேலை இல்லை. வாடகை வண்டி பற்றிக் கீழே பார்ப்போம்.

பதிவே வேண்டாத வண்டி எது?

"லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்" என்று விற்கப்படும் ஸ்கூட்டர்கள் தனி ரகம். அதே மத்திய விதிகளில் விதி 2(யூ) பேட்டரி வாகனத்துக்கு இலக்கணம் சொல்லும் இடத்திலேயே இதற்கும் வரையறை இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவற்றோடு, அராய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அந்த மாடலுக்குச் சான்று கொடுத்திருக்கவும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சான்று வாங்கும்போது 25க்குள் ஓடிய வண்டி கடையில் ஒரு ஒயரைக் கழற்றினால் 40, 45 போகும். "அன்லாக் செய்து தருகிறோம்" என்று கடைக்காரரே சொல்வார். அந்த ஒயரைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு வேறு வழக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் தலையில்தான் விழும். இதைப் பின்னால் பதிவு செய்து சரிக்கட்டலாம் என்றால் அதுவும் முடியாது. அந்த மாடலுக்குப் பதிவுக்குரிய ஒப்புதல் இல்லாததால் வாகன் என்னும் அரசின் பதிவு மென்பொருளில் அதன் பெயரே வராது. வேகம் வேண்டுமென்றால் பதிவாகும் மாடலையே வாங்குங்கள். வரியும் இல்லாத நிலையில் வித்தியாசம் சில ஆயிரம்தான்.

ஹைப்ரிட் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன இலக்கணத்தில் "முழுக்க மின்மோட்டாரால் மட்டுமே" என்று இருக்கிறது. ஸ்ட்ராங் ஹைப்ரிட், பிளக்-இன் ஹைப்ரிட் எதுவும் இதில் சேராது. பெட்ரோல் டேங்க் இருந்தால் முழு வரி.

கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது

ஆன்-ரோடு விலை என்று மொத்தமாக ஒரு எண்ணைச் சொன்னால் ஏற்க வேண்டாம். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் என்னென்ன இருக்கலாம் என்று பார்ப்போம்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடங்கியிருக்கும். லைஃப் டாக்ஸ் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். சலுகை நடப்பில் உள்ளவரை வேறெந்த எண்ணுக்கும் அங்கே இடமில்லை. பதிவுக் கட்டணத்துக்கும் அப்படியே. "ஆர்டிஓ சார்ஜஸ் 3,500" என்று முழு எண்ணாக எழுதியிருந்தால் உஷாராக வேண்டும். கடன் இருந்தால் ஹைப்போதிகேஷன் 500 அல்லது 1,500. ஸ்மார்ட் கார்டு, தபால், சேவைக் கட்டணம் என்று சில நூறு ரூபாய். இவ்வளவுதான் அரசுக்குப் போகும் பணம். மீதி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்டவுடன் பாதி குறையும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டாக்குமென்டேஷன் என்று வருபவை அரசுக் கட்டணம் அல்ல. பேரம் பேசலாம், மறுக்கலாம். கட்டித்தான் ஆக வேண்டுமென்று சொன்னால் ஜிஎஸ்டி எண்ணோடு தனி ரசீது கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் தவிர்க்க முடியாதது. புது டூ-வீலருக்கு 5 வருடம், புதுக் காருக்கு 3 வருடம் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். பேட்டரி வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 15 சதவீதம் குறைவு. சிசிக்குப் பதிலாகக் கிலோவாட் கணக்கில் படிகள். டூ-வீலரில் 3, 7, 16 கிலோவாட். காரில் 30, 65 கிலோவாட். 7 கிலோவாட்டுக்குள் வரும் ஸ்கூட்டருக்கு அடுத்த படியின் பிரீமியம் போட்டிருக்கிறார்களா என்று மோட்டாரின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசி டைப் செய்யும் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கக்கூடியதே. ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அதைச் சொல்லி இந்த வரியை எடுத்துவிடலாம். பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

காரின் மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று, விற்பவர் உங்களிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி 1 சதவீதம் இருக்கும். பேட்டரி காருக்கும் உண்டு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். 16 லட்சம் என்றால் 16,000 ரூபாய். இது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகி 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். அதனால் பில்லில் பான் எண் ஒரு எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். பணம் கொடுப்பது மகன், பில் அப்பா பெயரில் என்றால், வரவு அப்பா கணக்கில்தான் ஏறும்.

காரில் ஃபாஸ்டேக் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் பேட்டரி கார் என்பதற்காகச் சலுகை கிடையாது.

பதிவு நடக்கும் நாளில்

கொடுக்க வேண்டிய காகிதங்கள் பெட்ரோல் வண்டிக்கு உள்ளவையே. பதிவு விண்ணப்பம் படிவம் 20. விற்பனைச் சான்று படிவம் 21. சாலைத் தகுதிக்கு உற்பத்தியாளர் தரும் படிவம் 22. கடன் இருந்தால் படிவம் 34, அதில் வங்கியின் கையெழுத்து. பில், இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று, பான் அட்டை, போட்டோ. இவற்றை வாகன் தளத்தில் ஏற்றுவது விற்பனையாளரின் வேலை. உங்கள் வேலை அவர் ஏற்றியதைச் சரிபார்ப்பது. இதை மட்டும் யாரிடமும் விட்டுவிட வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் திரையில் உள்ளதையோ பிரிண்ட் அவுட்டையோ கேட்டு நான்கு இடங்களைப் பாருங்கள். முதலில் எரிபொருள் என்ற கட்டம். அங்கே எலக்ட்ரிக் பிஓவி அல்லது ப்யூர் இவி என்று இருக்க வேண்டும். வரிச் சலுகை, கட்டணச் சலுகை, பச்சை நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் தள்ளுபடி எல்லாமே இந்த ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. வேறு எதுவாவது பதிவாகிவிட்டால் மென்பொருள் வரியைக் கணக்குப் போட்டுவிடும். விற்பனையாளரும் "சிஸ்டம் காட்டுகிறது சார்" என்று உங்களிடமே கேட்பார். இரண்டாவது, சேசிஸ் எண்ணும் மோட்டார் எண்ணும். பேட்டரி வண்டியில் இன்ஜின் எண் இருக்காது, அந்தக் கட்டத்தில் மோட்டார் எண் வரும். டூ-வீலரில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலோ ஸ்விங் ஆர்ம் அருகிலோ இருப்பதால் எண்ணைக் குனிந்து பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. எட்டும் பியும், சுழியும் ஓவும் மாறிப் பதிவாவது இப்படித்தான். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். விபத்துக்குப் பின் கிளெய்ம் போடும்போது சர்வேயர் கண்ணில் முதலில் படுவது இந்த வித்தியாசம்தான். மூன்றாவது, பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துகளில் இருக்கிறதா என்பது. இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுகூடப் பிற்பாடு ஆன்லைன் சேவைகளில் தடையாக நிற்கும். நான்காவது, மொபைல் எண். விற்பனையாளர் தன் ஷோரூம் எண்ணையோ புரோக்கர் எண்ணையோ போட்டுவிட்டால், பிறகு வரும் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும்.

பணம் கட்டியபின் விண்ணப்ப எண்ணையும் அரசு ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஷோரூம் ரசீது வேறு, வாகன் தளம் தரும் ரசீது வேறு. இரண்டாவதில்தான் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தலைப்புவாரியாகப் பிரித்திருக்கும். தொலைத்துவிட்டால் விண்ணப்ப எண்ணை வைத்து அதே தளத்தில் மறுபடி எடுக்கலாம். ஷோரூம் உங்களிடம் வாங்கியதும் இதில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தைக் கேட்க உங்கள் கையில் உள்ள ஆதாரம் இது. தவறுதலாக அரசுக்கே வரி போய்விட்டது என்றால் ஆர்டிஓவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். கிடைக்கும், ஆனால் நடையாய் நடக்க வேண்டும். கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தற்காலிகமோ நிரந்தரமோ, பதிவு இல்லாமல் வண்டியை ஒப்படைக்க விற்பனையாளருக்கு அதிகாரம் இல்லை. "நல்ல நாள், எடுத்துட்டுப் போங்க, நம்பர் அப்புறம் வரும்" என்றால் வேண்டாம். பூஜை போட ஷோரூம் வாசலே போதும்.

நம்பர் பிளேட் விஷயம் எளிது. 2018 ஆகஸ்டு முதல் பேட்டரி வண்டிக்குப் பச்சைப் பின்னணி. சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. அதுவும் உயர்பாதுகாப்பு பிளேட்டாக, ஷோரூமே மாட்டித் தர வேண்டும். வெள்ளைப் பிளேட் மாட்டி அனுப்பினால், எரிபொருள் கட்டத்தில் தப்பு நடந்திருக்கிறதா என்று உடனே எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். பிளேட் மட்டும் தவறு என்றால் மாற்றுவது சுலபம். பதிவே தவறு என்றால் ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டும்.

ஆர்சி 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. கதவு எண், தெருப் பெயர், பின்கோடு சரியில்லாமல் திரும்பிப் போனால் ஸ்டாம்ப் ஒட்டிய சுயமுகவரி உறையோடு ஆர்டிஓ ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. அட்டை வரும்வரை எம்பரிவாகனிலோ டிஜிலாக்கரிலோ உள்ள ஆர்சி சட்டப்படி செல்லும். போலீஸ் சோதனையில் புகைச் சான்று கேட்டால், பேட்டரி வண்டிக்கு அது கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாடகைக்கு ஓட்டினால்

பெர்மிட் தேவையில்லை என்பதை "எதுவுமே தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று தேவை. புது வாடகை வண்டிக்கு முதல் எஃப்சி 2 வருடம் செல்லும். எட்டு வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். எஃப்சி கட்டணம் 2021 அறிவிப்பில் இல்லாததால் அதைக் கட்டியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் வாடகை வாகன வகையில் இருக்க வேண்டும்.

வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சொந்த வண்டியின் வரி ஒரே முறை விழும் ஆயுட்கால வரி. பதிவின்போது சலுகை கிடைத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. காலாண்டோ ஆண்டோ கணக்கிட்டு வரி வாங்கும் வகையில் வண்டி இருந்தால், சலுகை ஆணை உயிரோடு இருக்கும்வரைதான் பூஜ்யம். ஆணை முடிந்தால் அடுத்த தவணையிலிருந்து வரி பேசும். ஐந்து வருடக் கடனுக்கு மாதத் தவணை கணக்குப் போடும் ஆட்டோ, லோடு வண்டிக்காரர்கள் இந்தச் செலவை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த உபயோகத்துக்குப் பதிந்த ஸ்கூட்டரை வாடகைக்கு ஆள் ஏற்ற ஓட்டுவது வேறு விவகாரம். பச்சையில் வெள்ளை எழுத்தோடு சவாரி ஏற்றி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

மாநிலம் தாண்டினால்

வரிச் சலுகை தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். பக்கத்து மாநிலங்களில் நிலைமை ஒன்றுக்கொன்று வேறு. கேரளத்தில் 1.4.2025 முதல் வந்த அட்டவணைப்படி, பேட்டரி கார் 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் வாங்கிய வண்டிக்கும் 10. கர்நாடகம் நெடுநாள் முழுவிலக்கு கொடுத்துவந்து, 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீதம் போட்டது. தெலங்கானாவில் 18.11.2024இல் தொடங்கிய முழுவிலக்குக்கு 31.12.2026 கெடு.

இது யாருக்கு வேண்டும் என்றால், நாகர்கோவிலில் கார் வாங்கித் திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, ஓசூரில் வீடும் பெங்களூரில் ஆபீசும் வைத்திருப்பவர்களுக்கு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி தொடர்ந்து இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. முதலில் இங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி என்னும் தடையில்லாச் சான்று. கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். பிறகு அங்கே படிவம் 27இல் புது எண்ணுக்கு விண்ணப்பம். புதிய எண் ஒதுக்கும் கட்டணம் மத்திய விலக்கில் வருவதால் அது எங்கேயும் இல்லை. வரி மட்டும் அந்த மாநிலத்து விகிதத்தில், வண்டியின் வயதைக் கழித்து விழும். பெட்ரோல் கார்க்காரர் ஊர் மாறினால் பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பேட்டரி கார்க்காரர் இங்கே எதுவும் கட்டவில்லை, ஆகவே திரும்பக் கேட்கவும் எதுவும் இல்லை. 14 லட்ச ரூபாய் காரை இங்கே பூஜ்யத்தில் பதிந்துவிட்டு ஆறே மாதத்தில் கொச்சிக்கு நிரந்தரமாகப் போகிறவர் எப்படியும் 5 சதவீதத்தை ஒட்டிய தொகையைக் கட்டத்தான் போகிறார். அவர் அங்கேயே வாங்கிவிட்டால் என்ஓசி அலைச்சலாவது மிச்சமாகும்.

அடிக்கடி மாற்றலாகும் மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்களும் மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பிஹெச் (பாரத்) வரிசை நம்பரைப் பற்றி யோசிப்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு அது நல்ல ஏற்பாடு. பேட்டரி வண்டிக்குக் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். பிஹெச் வரி 10 லட்சம் வரை 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்ற அடிப்படையில் இரண்டிரண்டு வருடமாக வாங்கப்படுகிறது. மின்வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. குறைவுதான், இலவசம் இல்லை. மாநில எண்ணில் பூஜ்யமாக முடிய வேண்டியதற்கு பிஹெச் எண்ணில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த ஐந்தாண்டுக்குள் மாற்றல் நிச்சயம், போகும் இடத்தில் மின்வண்டிக்கு வரி அதிகம் என்றால் மட்டும் பிஹெச் லாபம்.

ஆர்சி கைக்கு வந்த பிறகு

கடன் முடிந்ததும் வங்கியிடம் என்ஓசியும் படிவம் 35ம் வாங்கி, ஆர்சியிலிருந்து ஹைப்போதிகேஷனை நீக்குங்கள். என்ஓசி கையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், நாலு வருடம் கழித்து விற்கும்போது அந்த என்ஓசியை வங்கியே புதிதாகத் தர வேண்டியிருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரி மாற்றம், படிவம் 33.

பழைய பேட்டரி வண்டி வாங்குகிறவர்கள் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். வரி மறுபடி விழாது. ஆனால் வண்டி வேறு மாநிலப் பதிவு என்றால், இங்கே கொண்டுவரும்போது விலக்கு கிடைக்குமா என்பதை நடப்பு ஆணையின் வாசகத்தைக் காட்டி ஆர்டிஓவிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஏற்கெனவே சொன்ன மோட்டார் எண்ணை இங்கேயும் பாருங்கள்: வாரண்டியில் மோட்டாரை மாற்றிய ஸ்கூட்டர்கள் நிறைய ஓடுகின்றன, மாற்றிய எண்ணை ஆர்சியில் ஏற்றாமலே விற்றுவிடுகிறார்கள். சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளவும்.

பெட்ரோல் வண்டியைப் பேட்டரிக்கு மாற்றுவதும் சட்டப்படி முடியும். அந்த மாடலுக்கே ஒப்புதல் பெற்ற கிட், அதைப் பொருத்த அனுமதி உள்ள பட்டறை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் ஆர்டிஓவின் ஒப்புதல், பிறகு ஆர்சியில் எரிபொருள் மாற்றம் என்று நான்கும் வேண்டும். ஆர்சி மாறாமல் ஓட்டினால் ஆவணத்தில் பெட்ரோல், ரோட்டில் பேட்டரி. இன்ஷூரன்ஸ் அதை ஏற்காது.

பதினைந்து வருடம் ஆன சொந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க வேண்டும். முதல் தலைமுறை ரேவா கார்களும் 2010ஐ ஒட்டி விற்ற ஸ்கூட்டர்களும் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டன. பெட்ரோல் டூ-வீலருக்கு இதற்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000 ரூபாய். பேட்டரி வண்டிக்கு விலக்கு. படிவம் 25ஐக் கெடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். வண்டியைக் கொண்டுபோய் ஆய்வுக்குக் காட்ட வேண்டும், ஆகவே பேட்டரி செத்த வண்டியை முதலில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பழைய லெட்-ஆசிட் வண்டிகளில் பதிவுக் கட்டணத்தைவிட அந்தப் பேட்டரி செட்டின் விலைதான் கையைக் கடிக்கும்.